எர்சிலியாவின் மூன்று டப்பிகள்

எர்சிலியா கை கழுவுவதைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்குக் கை எரியும். பிளீச்சிங் கலந்த தண்ணீரில் முழங்கைவரை விட்டு, நகக்கண் ஒவ்வொன்றையும் நாரால் தேய்த்து, வெளுத்துச் சுருங்கிப்போன அந்தக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடியே அடுப்புக்குப் போவாள். அந்தக் கையில் யாரும் காசு கொடுக்க முடியாது. தகர டப்பாவை நீட்டுவாள், அதில்தான் போட வேண்டும். "எவன் பையில கிடந்த காசோ, எனக்கென்ன தெரியும்?" என்பாள். சான் மிகேல் சந்தைக்குப் பின்பக்கம் புப்பூசா என்கிற அடைத்த சோள ரொட்டி சுடுகிற கடைகள் பதினொன்று வரிசையாக இருக்கின்றன. பதினொன்றில் சுத்தக்காரி யார் என்று கேட்டால் எல்லோரும் எர்சிலியாவைத்தான் காட்டுவார்கள். அவளே முதலில் காட்டிக்கொள்வாள் என்பது வேறு விஷயம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைக் கேட்டுவிட்டு அவளை அழுக்குக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அழுக்கு அந்தக் கடையில் இல்லை. எங்கே இருந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

என் பெயர் லேயாந்த்ரோ. சுகாதார நிலையத்து வாசலில், வாதுமை மரத்தடியில், மடக்கு மேஜையும் தட்டச்சுப் பெட்டியுமாக உட்கார்ந்து சீட்டும் மனுவும் எழுதிக் கொடுக்கிறவன். இருபத்திரண்டு வருஷம். உள்ளே டாக்டர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள், காவல்காரன் மாறிவிட்டான், மரத்தில் பாதி ஒரு புயலில் ஒடிந்து விழுந்தது. நான் நகரவில்லை. காலையில் எர்சிலியா கடையில் பாலாடைக்கட்டி வைத்தது இரண்டு, பயறு வைத்தது ஒன்று, ஒரு காபி. அப்புறம்தான் மேஜை.

கடைக்குப் பெர்மிட் வேண்டுமென்றால் கடையில் மாவைத் தொடுகிற ஒவ்வொருவரிடமும் சுகாதார அட்டை இருக்க வேண்டும். அட்டைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மற்றது, காலைக்கடனில் கொஞ்சம். ரத்தம் கொடுக்க யாரும் வெட்கப்படுவதில்லை. அந்த மற்றதுக்குத்தான் பாடு. டப்பியை ரொட்டிக் கடைப் பையில் போட்டு, மேலே ஒரு துணி மூடி, சந்தைக் கூடைக்குள் வைத்து எடுத்துவருவார்கள். "என்ன, கேக்கா?" என்று காவல்காரன் கேட்பான். "ஆமா, உன் பொண்டாட்டிக்குக் குடு" என்பார்கள். டப்பியில் கையால் பெயர் எழுதி ஒட்டுவது, சீட்டு நிரப்புவது, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது, அது என் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரிசையில் இரவல் டப்பி என்று ஒரு பழக்கம் உண்டு. வயிறு சரியில்லாதவள், பக்கத்துக் கடையில் நல்ல வயிறுக்காரி யாரோ அவளிடம் கேட்டு வாங்கித் தன் டப்பியில் போட்டுக்கொள்வாள். உப்புக் கேட்பது மாதிரிதான். கொடுப்பவளுக்கு அது பெருமை. வெளியே சொல்ல முடியாத பெருமை, அவ்வளவுதான்.

எர்சிலியா கடையில் மாவு தட்டுவது யனிரா. எர்சிலியாவின் தம்பி மார்சியல் கட்டிக்கொண்டு வந்தவள். கட்டியவன் எல்லை தாண்டி வடக்கே பிழைக்கப் போய் ஐந்து வருஷம், கடுதாசி நின்று நான்கு வருஷம். எரிமலைச் சரிவில் காப்பித் தோட்டத்துக் கிராமத்துக்காரி, கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அதுவே எர்சிலியாவுக்குப் போதும்.

"கை கழுவுனியா?"

"கழுவுனேன் மதினி."

"எங்க, காட்டு. இதுதான் கழுவுன கையா? நகத்துக்குள்ள உங்க ஊரு மண்ணு அப்படியே இருக்கே. போய் மறுபடியும் கழுவிட்டு வா."

சாப்பிட வந்தவர்கள் எல்லோரும் பார்க்க யனிரா மறுபடியும் கழுவிவிட்டு வருவாள். பிறகு மாவை உருட்டிப் பள்ளம் செய்து, பாலாடைக்கட்டியை வைத்து மூடி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே டப்டப் என்று தட்டிக் கல்லில் போடுவாள். அந்தச் சத்தம் வரிசையில் வேறு யாருக்கும் வராது. இதையும் எர்சிலியா ஒப்புக்கொண்டதில்லை.

மே மாதச் சோதனையில் யனிராவுக்குப் புழு இருப்பதாக வந்துவிட்டது. பெர்மிட் பதினைந்து நாள் நின்றது. மாத்திரை தின்று சரியானது. அதிலிருந்து அவள் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தாள். எர்சிலியாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை. "எங்க ஊரு குழாய்த் தண்ணிய இவ காய்ச்சிக் குடிக்கிறா பாருங்க அண்ணே. கிணத்துத் தவளைக்கு வந்த கொழுப்பு. விறகுக்குப் பிடிச்ச கேடு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நவம்பர் முதல் வாரத்தில் அடுத்த முறை வந்தது. மாதக் கடைசிச் சனிக்கிழமை திருவிழா. அந்த ஒரு வாரக் கூட்டத்தை வைத்துத்தான் வரிசையில் எல்லோரும் அடுத்த மழைக்காலத்தைத் தள்ளுவார்கள். அந்த வாரம் கடை மூடியிருந்தால் அந்த வருஷமே போச்சு.

எர்சிலியா விடிந்தும் விடியாமலும் என் மேஜைக்கு வந்தாள். ரொட்டிப் பையிலிருந்து டப்பிகளை எடுத்து வைத்தாள். மூன்று.

"அண்ணே, மூணு சீட்டு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு பக்கத்துக்கடை ஒத்திலியாவுக்கு, சீட்டுல அவ கையெழுத்துப் போட்டே அனுப்பிட்டா. ஒண்ணு நம்ம வீட்டு மகாராணிக்கு."

"மகாராணி எங்க?"

"மில்லுக்குப் போயிருக்கா, மாவு அரைக்க."

"டப்பி வந்துருச்சு, ஆள் வரலையா?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துக் குனிந்தாள். "மூணும் என்னுதுதான்."

நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"எதுக்கு இப்படி முழிக்கிறீங்க? ஊரு உலகத்துல நடக்காததா? ஒத்திலியா அவளா வந்து கேட்டா. உடும்புச் சாறு குடிச்சு வயிறு கெட்டுக் கிடக்காளாம். குடுக்கமாட்டேன்னா சொல்ல முடியும்? இவளை நம்பி நான் திருவிழாவைத் தொலைக்க முடியாது அண்ணே. போன தடவை வரிசையே சிரிச்சுது. என் வயித்தை நான் பாத்திரம் விளக்குற மாதிரி வச்சிருக்கேன். உங்களுக்குத் தெரியாதா?"

"யனிராவுக்குத் தெரியுமா?"

"உன்னுது வேண்டாம், நான் பாத்துக்கிறேன்னுட்டேன். அவ என்ன கேள்வியா கேக்கப்போறா?"

எர்சிலியாவுக்கு எழுத்து தெரியாது. மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தித் தன் சீட்டில் வைத்துவிட்டு, உடனே பிளீச்சிங் துணியில் துடைத்துக்கொண்டாள். வரிசையில் வேறு எல்லோரும் கையெழுத்துப் போடுகிறவர்கள். எர்சிலியா கைநாட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் கோபக்காரி என்பதால் யாரும் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை.

யனிராவின் சீட்டு மிச்சம் இருந்தது.

"அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே. சாயங்காலம் கூட்டிட்டு வா, போட்டுட்டுக் குடுத்துருவோம்."

"சாயங்காலம் வரைக்கும் இதை வெயில்ல வச்சிருக்கவா? என்ன அண்ணே நீங்க! ஒரு கிறுக்கு கிறுக்குங்க. உள்ள யாரு பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கிறா?"

நான் கிறுக்கினேன். பேனாவை எடுத்து, யனிரா என்று, நன்றாகவே எழுதினேன். இருபத்திரண்டு வருஷத்தில் இன்னொருவர் கையெழுத்தை நான் போட்டது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் நம்ப வேண்டும். எதற்காகப் போட்டேன் என்று கேட்கலாம். காலைக் காபியை எங்கே குடிக்கிறோமோ அங்கே முகத்தை முறித்துக்கொள்ள மனம் வராது, அவ்வளவுதான் காரணம். வெட்கக்கேடு.

பத்து நாள் கழித்து, நான் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுகாதார ஆய்வாளர் நொயெமி வந்தாள். சின்ன வயசுப் பெண், கையில் பெரிய கோப்பு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஒத்திலியா தன் கடையில் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எர்சிலியாக்கா, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க. பேசணும்."

"அந்தப் பக்கம் எதுக்கும்மா? எனக்கென்ன ஒளிவு மறைவு? இங்கயே சொல்லுங்க."

"இல்லக்கா, தனியா..."

"நல்ல சேதியை நாலு பேரு கேக்கட்டுமே. எங்க மூணு பேருக்கும் ஒண்ணுமில்லைன்னு சத்தமாச் சொல்லுங்க. மே மாசம் சிரிச்சவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

நொயெமி கோப்பைத் திறந்து மூடினாள். பிறகு திறந்தாள். "உங்களுக்கு அமீபா இருக்குக்கா. சாட்டைப்புழு முட்டையும் இருக்கு. யனிராவுக்கும் அதே ரெண்டும். ஒத்திலியாக்காவுக்கும் அதே ரெண்டும்." கொஞ்சம் நிறுத்தினாள். "லேபுல இருக்கிறவர் இருபது வருஷ சர்வீஸ். மூணு பேரும் ஒரே வயித்தோட பிறந்தவங்களான்னு என்கிட்ட கேட்டார்."

பெஞ்சின் கோடியில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். இன்னொருவன் தட்டைத் தள்ளி வைத்தான். அந்தத் தட்டு நகர்ந்த சத்தத்தை எர்சிலியா கேட்டாள் என்று நினைக்கிறேன். வெளுத்த கைகளைப் பார்த்தாள். புறங்கை, உள்ளங்கை. பிறகு யனிராவின் பக்கம் திரும்பினாள்.

"நீதானேடி டப்பிய எடுத்துட்டுப் போனே?"

யனிரா மாவு உருண்டையோடு நின்றாள். "மதினி..."

"வழியில கொட்டிட்ட. கொட்டிட்டு, நான் திட்டுவேன்னு பயந்து மூணுலயும் உன்னுதையே போட்டுட்ட! சொல்லு! அம்மா, இவதாம்மா. போன தடவையும் இவதான். சோறு போட்டு, இடம் குடுத்து, பாவம்னு வச்சிருந்தேன். என்னைச் சந்தி சிரிக்க வச்சுட்டாளே!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அதான பாத்தேன், எர்சிலியாக்காவுக்காவது புழுவாவது" என்று யாரோ சொன்னார்கள். ஒத்திலியா தலையைக் குனிந்து முட்டைகோஸை நறுக்கிக்கொண்டே இருந்தாள். அவளும் என்ன சொல்வாள்? இரவல் வாங்கினேன் என்றா?

யனிரா கையிலிருந்த மாவு உருண்டையைக் கீழே வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். டப்பிகள் யாருடைய பையில் வந்தன என்று பார்த்தவன் அந்த இடத்தில் நான் ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் என் தட்டைப் பார்த்தேன். பயறு புப்பூசாவில் பாதி இருந்தது. அதைப் பிய்த்து, ஊறிய முட்டைகோஸை மேலே வைத்து, வாயில் போட்டு மென்றேன். மென்றேன் என்பதைத்தான் இன்றைக்கு வரைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

"யாரோடது எந்த டப்பிங்கிற பஞ்சாயத்து எனக்கு வேண்டாம்" என்றாள் நொயெமி. "சீட்டுல இருக்கிற பேருதான் எனக்கு. இந்தக் கடையில அட்டை உள்ளவங்க இப்ப யாரும் இல்ல. அதனால கடை திறக்கக் கூடாது. ஒத்திலியாக்கா, உங்க மருமகள்கிட்ட அட்டை இருக்கு, அவங்க கல்லுல நிக்கட்டும், நீங்க நிக்கக் கூடாது. மாத்திரை தர்றேன். அடுத்த தடவை இங்கிருந்து டப்பி வராது. நிலையத்துக்கு வந்து, அங்கயே கொடுக்கணும். கதவுக்கு வெளிய நர்ஸ் நிப்பாங்க."

பன்னிரண்டு மணிக்கெல்லாம் அடுப்பு அணைந்தது. தார்ப்பாயை இறக்கி, கடை திறக்கக் கூடாது என்று காகிதம் ஒட்டினார்கள். அன்றைக்கே யனிராவை எர்சிலியா அனுப்பிவிட்டாள். "உங்க அம்மா வீட்டுக்குப் போ. உன் கிணத்துக்கே போ" என்று சொன்னது நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தும் கேட்டது. மறுப்பே சொல்லாமல் துணி மூட்டையோடு யனிரா நடந்து போனதைப் பார்த்து, செய்தவள்தான் பேசாமல் போகிறாள் என்று வரிசையில் முடிவு கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை என் மேஜைக்கு முன்னால் ஆள் நிழல் விழுந்தது. யனிரா. அதே மூட்டை.

"சீட்டு ஒண்ணு எழுதணும் அண்ணே."

"நீ ஊருக்குப் போகலையா?"

"ராத்திரி பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். மறுசோதனைக்குக் கொடுத்துட்டுப் போறேன். அட்டை இல்லாம வேற எங்கயும் வேலை கிடைக்காது." மூட்டையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்து மேஜையில் வைத்தாள். நொயெமி கொடுத்த மாத்திரைகள், ஒன்றுகூடக் குறையவில்லை. "இதை நான் தின்னல. நர்ஸ் எண்ணிப் பாத்துக்கட்டும்."

"ஏன் தின்னல?"

"எனக்கு இல்லாத நோவுக்கு நான் ஏன் மாத்திரை தின்னணும்?"

சீட்டை மெஷினில் செருகி அடித்தேன். இரண்டு இடத்தில் எழுத்து தப்பியது.

"கையெழுத்து எங்க போடணும்?"

காட்டினேன். குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, மெதுவாக எழுதினாள். முதலெழுத்தின் வாலை நீளமாகக் கீழே இழுத்து ஒரு சுழி சுழித்தாள். எழுதி முடிக்க அவ்வளவு நேரம். நான் போட்டதில் வாலும் இல்லை, சுழியும் இல்லை. கோர்ட்டு குமாஸ்தா கையெழுத்து மாதிரி இருந்தது அது.

"நல்லா இருக்கா அண்ணே? மூணாங் கிளாசுல டீச்சர் சொல்லிக் குடுத்தது."

"நல்லா இருக்கு."

"போன தடவைச் சீட்டுல யாரு போட்டாங்க?"

காவல்காரன் கேட்டைத் திறந்தான். உள்ளே போகிறவர்கள் முண்டியடித்தார்கள். "உள்ள போ, வரிசை நீளமாயிரும்" என்றேன். போனாள். அவளிடம் கூலி வாங்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ளலாம். பெரிய தர்மவான்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. ஒன்றுமே இல்லை. மாத்திரை தின்னாத வயிறு, சுத்தம். நொயெமி அதைக் கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கே வந்தாள். "லேயாந்த்ரோ ஐயா, எர்சிலியாக்கா கண்ணுல பட்டா சொல்லுங்க. அவங்களுக்கு மறுசோதனை திருவிழா முடிஞ்சுதான். ஆனா அட்டை உள்ள ஆள் ஒருத்தர் கல்லுல நின்னா கடையைத் திறந்துக்கலாம். இப்ப அட்டை இருக்கிறது யனிராகிட்ட மட்டும்தான்." போகும்போது திரும்பி, "உங்க எழுத்து ரொம்ப அழகு ஐயா. எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சுருவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் மரத்தின் வேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எர்சிலியா மூடிய கடைக்குள் தார்ப்பாய் இருட்டில் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையால் வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றாள். அந்த நான்கு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. பக்கத்துத் தட்டி வழியே ஒத்திலியா ரகசியக் குரலில் திட்டிக்கொண்டிருந்தாள்.

"நோவு உனக்கு, மாத்திரை எனக்கு. நல்லா இருக்குடி நியாயம். தங்க வயிறுன்னு சொன்னியே, உன் தங்கத்துல இடி விழ!"

"மெதுவாப் பேசு ஒத்திலியா."

"மெதுவாத்தான் பேசறேன். சத்தமாப் பேச முடியாமத்தானே செத்துக்கிட்டிருக்கேன்!"

நான் யனிராவின் முடிவைச் சொன்னேன். எர்சிலியா, ஆள் வேறு கிடைக்காதா என்று கேட்டாள். திருவிழா வாரத்தில் அட்டையோடு சும்மா இருப்பவள் யார்? அவளுக்கே தெரியும். "நீங்களும் வாங்க அண்ணே. தனியாப் போக எனக்குக் காலு வரல" என்றாள்.

மறுநாள் மலைமேல் யனிராவின் கிராமத்துக்குப் போனோம். வடக்கத்திக் காற்று கிளம்பிவிட்டிருந்தது. பஸ் ஜன்னலில் எரிமலைப் புழுதி. காப்பி பறிப்பு தொடங்கி, வழியெல்லாம் கூடை கட்டிய ஆட்கள். யனிரா பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், விரலெல்லாம் காப்பிப் பிசின். எங்களைப் பார்த்ததும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"காய்ச்சின தண்ணிதான். பயப்படாம குடிங்க மதினி."

எர்சிலியா வாங்கினாள். காசைத் தொடாத அந்தக் கையால் குடுவையை அவள் கையிலிருந்து நேரே வாங்கிக் குடித்தாள்.

"கடையத் திறக்கணும் யனிரா."

"திறங்க."

"நீ வந்தாத்தான் திறக்க முடியும்."

யனிரா சாம்பலைத் தொட்டு விரல் பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு... கோவத்துல என்னவோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத. உன் தலையில கை வச்சு..."

"கோவத்துலயா பேசுனீங்க? கோவத்துல திட்டுவாங்க. நீங்க கதை சொன்னீங்க மதினி. கொட்டினேன், பயந்தேன், மாத்துனேன்னு, கண்ணால பாத்த மாதிரி. இப்ப நான் சந்தைப் பக்கம் வந்தா சின்னப் பிள்ளைங்க மூக்கைப் பிடிக்குது."

"அப்ப ஏன்டி வாயத் திறக்கல? நான் குடுக்கவே இல்லைன்னு அங்கயே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா உங்களை என்ன பண்ணியிருப்பாங்க? ஏமாத்து வேலைன்னு கடையையே எடுத்திருப்பாங்க. உங்க தம்பி என்னைக்காவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது? உங்க அக்கா கடையை நான்தான் மூட வச்சேன்னா?" சாம்பலை மறுபடியும் தொட்டு விரலைத் தேய்த்தாள். "நான் வர்றேன். ஆனா எந்த வரிசையில சொன்னீங்களோ அந்த வரிசையில, கூட்டம் இருக்கும்போது, நடந்ததைச் சொல்லுங்க. நீங்க சொன்னதுக்கப்புறம்தான் மாவைத் தொடுவேன்."

"என் மானம் போயிரும்டி."

"என்னுது போனப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

எர்சிலியா நரம்பு புடைத்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தலையை ஆட்டினாள்.

நான் கனைத்துக்கொண்டு, "யனிரா, நானும் அன்னைக்கு..." என்று தொடங்கினேன்.

"உங்களை நான் எதுவும் கேக்கல அண்ணே" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன் என்பதுதான் உண்மை.

திருவிழாச் சனிக்கிழமை. காலையிலேயே தெருவெல்லாம் காகிதத் தோரணம், எங்கோ மேளத்தைச் சரிபார்க்கிற சத்தம். வெளியூர்க்காரர்கள், பறித்த காசோடு மலையிலிருந்து இறங்கியவர்கள், வரிசையின் பெஞ்சுகளில் இடமில்லை. எர்சிலியா கடையில் அடுப்பு எரிந்தது, கல் காய்ந்தது, மாவு பிசைந்து வைத்திருந்தது. யனிரா புது ஏப்ரன் கட்டிக்கொண்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். தட்டவில்லை.

"என்ன, பசிக்குது, போடுங்க!" என்று ஒருவன் கத்தினான்.

எர்சிலியா கடையை விட்டு வெளியே வந்து வழியின் நடுவில் நின்றாள். பிளீச்சிங் துணியில் கையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் கேளுங்க. அந்த டப்பிய யனிரா கொண்டுபோகல. நான்தான் கொண்டுபோனேன். மூணுலயும் இருந்தது என்னுது. அமீபா எனக்கு. புழு எனக்கு. அவளுக்கு ஒண்ணுமில்ல, இப்பவும் இல்ல. நான் பொய் சொல்லி அவளை விரட்டுனேன்."

ஒரு கடையில் கல்லில் ஏதோ தீய்ந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை. பிறகு சிரிப்பு தொடங்கியது, முதலில் வெளியூர்க்காரர்கள், பிறகு வரிசை. எர்சிலியா அப்படியே நின்று அதை வாங்கிக்கொண்டாள். உள்ளே ஓடவில்லை. சிரிப்பு தானாக ஓய்ந்தது.

ஒத்திலியாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கே தன் பங்கும் வெளியே வருமோ என்று பேச்சை வேறு பக்கம் தள்ளினாள். "அது சரி, யனிரா கையெழுத்து இல்லாம உள்ள சீட்டு வாங்கியிருக்க மாட்டாங்களே? அவ வரவே இல்லைன்னா அதை யாரு போட்டா?"

நான் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பக்கமும் தோள்கள். எழுந்து சொல்வதற்கு வேண்டிய மூச்சை இழுத்தேன், சத்தியமாக இழுத்தேன்.

"நான்தான் போட்டேன்" என்றாள் எர்சிலியா.

என்னைப் பார்க்காமல் சொன்னாள். இழுத்த மூச்சை நான் விட்டேன்.

கைநாட்டு எர்சிலியா கையெழுத்துப் போட்டாளாம். ஒத்திலியா என் பக்கம் திரும்பினாள். அவள் மருமகள் திரும்பினாள். காபி ஊற்றுகிற கிழவர், எதிர்க்கடைத் தக்காளிக்காரி, ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

பிறகு யனிரா மாவை எடுத்தாள். டப்டப் என்று அந்தச் சத்தம் கிளம்பியது. கூட்டம் தட்டுக்குக் கை நீட்டத் தொடங்கியது. எர்சிலியா உணவைத் தொடக் கூடாது என்பதால் கடைக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குடுவையோடு நின்று, சாப்பிட வருகிறவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள்.

யனிரா என் முன்னால் தட்டு வைத்தாள். பாலாடைக்கட்டி இரண்டு, பயறு ஒன்று. கேட்காமலே.

"சாப்பிடுங்க அண்ணே, சூடு ஆறிரும்."

வேறு எந்தக் குரலிலும் இல்லை, எப்போதும் சொல்கிற குரலில்தான் சொன்னாள். பேனாவைப் பிடித்த வலதுகை தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத் தூக்கிப் புப்பூசாவைப் பிய்க்க என்னால் முடியவில்லை. எழுந்து தொட்டிப் பக்கம் போனேன். ஏற்கெனவே கழுவிய கையைத்தான் மறுபடியும் நீட்டினேன். எர்சிலியா ஊற்றினாள். நான் சோப்பை எடுத்து, நகக்கண் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். நடுவிரல் ஓரத்தில் இருபத்திரண்டு வருஷ மை, அது போகாது.

எர்சிலியா குடுவையைச் சாய்த்தபடி நின்றாள். இரண்டு பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா அண்ணே?"

"ஊத்து" என்றேன்.